மூன்று நாளில் ஒரு வீடு

“இந்த வீடு யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க, மேஸ்திரியண்ணே. நான் போயிடறேன்.”

ஜம்புலிங்கம் மேஸ்திரி மரச்சட்டத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அடிப்பதை நிறுத்தி, சுத்தியலால் பஞ்சாயத்து ஆபீஸ் இருக்கும் திசையைக் காட்டினார்.

சந்திரமதி நகரவில்லை. லிட்டில் அந்தமானில், பழைய எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் ஒரே பகலில் எரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஹட் பேயிலிருந்து தண்ணீர் லாரி வந்து சேர்ந்தபோது அணைப்பதற்கு அங்கே தீயே மிச்சமில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவள் கணவன் முனியாண்டியின் வலக்கை வெந்து மடங்கியது, இன்னும் நிமிரவில்லை. அன்று முதல் பதினொரு குடும்பங்களும் தார்ப்பாயின் கீழ்தான் வாழ்கின்றன. இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள். எங்கு போனாலும் ‘தற்காலிகக் குடியிருப்பு’ என்று அவர்கள் தலையில் எழுதியது எந்தத் தெய்வமும் அன்று. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்திடும் மனிதர்களே.

அவர்களுடைய மனுவில் இருந்தவை இரண்டே கோரிக்கைகள். எரிந்த வீடுகளுக்குப் பதில் வீடுகள் வேண்டும்; ஊருக்கென்று ஒரு தீயணைப்பு வண்டி வேண்டும். ஆண்டுக்கு ஒன்றுதான் இயலும் என்று பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. இந்த ஆண்டு நிறைவேறுவது எது என்பதைத் திங்கட்கிழமை விழாவில், போர்ட் பிளேரிலிருந்து வரும் அதிகாரியே அறிவிப்பார் என்றார்கள். அறிவிப்புக்கு முன்பே பள்ளி மைதானத்தில் பலகைகள் வந்து இறங்கின. இனி அறிவிக்க என்ன இருக்கிறது?

ஆனால் எழுந்தது ஒரே ஒரு வீடு. பலகைச் சுவர், ஓலைக் கூரை, உள்ளே ஒரு கட்டில், சன்னலுக்குப் பூப்போட்ட திரைகூட மாட்டியிருந்தார்கள்.

“தரை பூசலையா அண்ணே?”

“ஆர்டர்ல இருக்கிறதுதான் காம், அந்த வேலையோட சரி. மத்தது எனக்குத் தெரியாது, தங்கச்சி.”

பொது மைதானத்தையே வளைத்துப்போடும் அளவுக்குச் செல்வாக்குள்ள யாருக்கோ இந்த வீடு போகிறது என்று அவள் முடிவு கட்டினாள். லயத்துப் பெண்கள் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குள் நுழைந்தாள்.

பிரதான் சொக்கலிங்கம் மெயின்லேண்டிலிருந்து காண்டிராக்ட் வேலைக்கு வந்து, ஊர்த் தலைவராகிவிட்டவர். உட்காரச் சொன்னார். யாரும் உட்காரவில்லை.

“நாங்க பதினொரு குடும்பம் அய்யா. நீங்க கட்டுறது ஒரு வீடு. யாரு வீட்டுப் பொண்ணுக்குச் சீதனம்?”

அந்த வீடு எவர் பெயரிலும் இல்லை என்றார் பிரதான். வேண்டுமானால் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்தும் போட்டார். அவர் சொன்னது உண்மைதான். பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது.

“பேரே இல்லாத வீட்டுக்குக் கட்டில் எதுக்கு?”

“வீடுன்னா வீடு மாதிரி இருக்க வேணாமா? மேலே இருந்து வந்த உத்தரவு.”

“சரிங்க. மரம் இல்லன்னீங்க, ஆள் இல்லன்னீங்க, கப்பல் வரலன்னீங்க. ரெண்டு வருசமா எங்க பிள்ளைங்க மழையில நனைஞ்சிச்சு. இப்ப மூணே நாள்ல மரமும் ஆளும் எங்கேருந்து வந்திச்சு? அப்ப உங்களால முடியாம இல்ல. எங்களுக்குன்னா மட்டும் முடியல.”

சொக்கலிங்கம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் வரட்டும், முன்வரிசை நாற்காலிகள் அவர்களுக்குத்தான், நேரில் பார்த்தால் புரியும் என்று மட்டும் சொன்னார்.

முன்வரிசை என்ற சொல் அந்தப் பெண்களை அன்று மாலை முழுவதும் பேச வைத்தது. பெயர்க் கட்டம் வெறுமை, முன்வரிசையில் நாற்காலி. அப்படியானால் அது தங்களில் ஒருவருக்குத்தான். யாருக்கு? கணவனின் கையைக் காட்டி எனக்கென்று கேட்கச் சந்திரமதிக்கு உரிமையிருந்தது. அவளோ, தார்ப்பாயின் கீழ் பிள்ளை பெற்று இருபது நாளே ஆகியிருந்த அகிலாவின் பெயரைச் சொன்னாள். மறுத்துப் பேச ஒருத்தியும் இல்லை. ஆறு கூட்டம் போட்டும் அதிகாரத்துக்கு எட்டாத நீதி, ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் அந்தப் பதினொரு பெண்களுக்கு எட்டிவிட்டது.

திங்கட்கிழமை மைதானத்தில் பந்தலும் கொடித் தோரணமும் ஒலிபெருக்கியுமாக விழா நடந்தது. இந்தியில் ஒருவர், தமிழில் ஒருவர், வங்காளத்தில் ஒருவர் என்று எல்லாரும் ஏழைகளைப் பற்றியே பேசினார்கள். முன்வரிசையில் அகிலா, துவைத்த சேலையின் தலைப்பால் குழந்தையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வீட்டை நோக்கி நடந்தார். சந்திரமதி அகிலாவின் முதுகில் கைவைத்தாள்.

“போ தாயி. கூச்சப்படாமப் போயி வாங்கிக்க.”

அகிலா நான்கு அடிதான் எடுத்து வைத்திருப்பாள். ஒரு போலீஸ்காரர் குறுக்கே கயிற்றை இழுத்து, “பீச்சே, பீச்சே” என்று அவளைப் பின்னுக்குத் தள்ளினார். பிரதான் குனிந்து, எரிகிற பந்தம் ஒன்றை அதிகாரியின் கையில் கொடுத்தார்.

பந்தம் ஓலைக் கூரையைத் தொட்டபோது ஒலிபெருக்கி சொன்னது: “நம்ம ஊருக்கு வந்திருக்கிற புது தீயணைப்பு வண்டி, இந்த வீட்டுத் தீயை எத்தனை நிமிசத்துல அணைக்குதுன்னு இப்ப நீங்களே பார்க்கப் போறீங்க. முன்வரிசையில இருக்கிறவங்க கைதட்டி ஆரம்பிச்சு வைங்க.”