மூத்தவள் கையால்

மூத்தவளின் தையல் கடைக்கு எதிரே, பேருந்து நிழற்குடையின் தூணுக்குப் பின்னால் நின்று இளையவள் அந்தக் கண்ராவியைப் பார்த்தாள். அவள் புருஷன் வாயைத் திறந்தார். மூத்தவள் தன் கையாலேயே அவர் வாயில் எதையோ போட்டாள்.

ஊட்டி விடுகிறாள்! இளையவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் இவள் ஒரு வாய் ஊட்டப் போனால்கூட, "நான் என்ன கைக்குழந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன் அவர்.

போட்டது மாத்திரை என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் ஊட்டினது ஊட்டினதுதானே?

அவர் லிஃப்ட் மெக்கானிக். மூத்தவளை விவாகரத்து செய்துவிட்டுத்தான் இவளைக் கட்டினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலையில் தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வலிக்கு என்று தொடங்கிய மாத்திரை, வலி போன பிறகும் அவரை விடவில்லை. வேலை போனது, சிநேகிதர்கள் போனார்கள், கடைசியில் சிகிச்சை மையத்தில் சேர்த்தார்கள்.

வீடு திரும்பி இன்றோடு நாற்பத்தோராவது நாள். இப்போது தினம் ஒரே ஒரு மாத்திரை, அதையும் போகப் போகக் குறைப்பார்கள். "ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுப் பழைய பழக்கத்துக்குப் போனார்னா, அடுத்த தடவை ஆள் மிஞ்ச மாட்டார்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அதனால் மாத்திரைப் பெட்டி அவர் கையில் இருக்கக் கூடாது. இன்னொருவர் பூட்டி வைத்து, கண் முன்னால் விழுங்க வைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று எழுதுகிற இடம் மையத்தின் படிவத்தில் வந்தபோது, இளையவள் பேனா மூடியைக் கழற்றிக் கையெழுத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

அவர் யோசிக்கக்கூட இல்லை. மூத்தவள் பெயரை எழுதினார். பக்கத்தில் பெண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது!

ஏன் என்று கேட்டால், "விடேன்" என்பதோடு சரி. இவளா அவரைப் பார்த்துக்கொள்ளாதவள்? அவர் மாத்திரை இல்லாமல் துடித்த அன்றைக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்ற மருந்துக்கடைக்காரரிடம் கொட்டுகிற மழையில் நின்று கெஞ்சி வாங்கி வந்தது யார்? மூத்தவளா வந்தாள்?

இதிலே நேற்று நடந்ததுதான் அவளால் பொறுக்க முடியாமல் போனது. மாத்திரை விழுங்கிவிட்டு வருகிற ஐந்து நிமிஷ வேலைக்குப் போனவர், ஒரு மணி நேரம் கழித்துச் சிவந்த கண்ணோடு வந்தார். கேட்டதற்குத் தூசி விழுந்தது என்றார், சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

இன்றைக்கு என்னவோ வாசற்படி ஏறாமல், வெளியே நின்றே விழுங்கினார். மூத்தவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. எல்லாம் ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற நடிப்பு என்று இளையவள் முடிவு கட்டினாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தாள்.

"பெட்டியைக் குடுங்க."

மூத்தவள் மெஷினை நிறுத்தினாள். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "யாருக்கு?"

"எனக்குத்தான். என் புருஷனுக்கு நானே குடுத்துக்கிறேன். நாளையிலேருந்து அவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்."

"அவன் என் பேரையில்ல எழுதினான்?"

"அதான் தெரியுதே! மனசுக்குள்ள இன்னும் யாரை வச்சிருக்கார்னு எல்லாருக்கும் காட்டிட்டாரே!"

மூத்தவள் சிரித்துவிட்டாள். இளையவளுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இழுப்பறையைத் திறந்து, சாவியோடு அந்தச் சின்ன நீலப் பெட்டியை மூத்தவள் மேஜைமேல் வைத்தாள். "தாராளமா எடுத்துக்கோ. தினம் அவன் மூஞ்சியில முழிக்கிற தொல்லை எனக்கும் மிச்சம்."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று இளையவள் எதிர்பார்க்கவில்லை. பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டாள். ஜெயித்தாகிவிட்டது. ஆனாலும் உறுத்தியது.

"நேத்து ஒரு மணி நேரம் இங்கே என்ன நடந்துச்சு? அதையும் சொல்லிடுங்க."

"இன்னொரு மாத்திரை கேட்டான். முடியாதுன்னேன். இதோ, இந்த வாசப்படியில உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். கை காலெல்லாம் நடுங்குச்சு. என் காலைக்கூடப் பிடிச்சான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஆறு சட்டைக்குப் பொத்தான் தைச்சேன். அழுது முடிச்சுட்டு அவனா எழுந்து போயிட்டான்."

இளையவளுக்குள் அத்தனை நேரம் எரிந்துகொண்டிருந்த பொறாமை போன இடம் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அடிப்பாவி! உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? அப்படித் துடிக்கிற மனுஷனுக்கு ஒண்ணே ஒண்ணு கூடக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சா போயிருக்கும்?"

மூத்தவள் அவள் கைக்கு அடியிலிருந்து பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதுக்குத்தாம்மா அவன் உன் பேரை எழுதலை."