கண்ணுக்குத் தப்பியது

“பாப்பாவை இன்னைக்கு என்னோட அனுப்புறேன்னு சொன்னியேக்கா?”

“அனுப்புறேன்டா. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உதவி பண்ணு. உங்க மாமா மேல சந்தேகமா இருக்கு.”

“என்ன சந்தேகம்?”

“நீ விட்டுத் தொலைச்சியே, அந்தப் பவுடர் பழக்கம்தான்.”

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் தம்பிக்கு டீ புரையேறியது.

“மாமாவா? தலைவலி மாத்திரையையே பயந்து பயந்து பாதியா உடைச்சுப் போடுற மனுஷன்கா அவர்!”

“அவர் ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள அவர் ரூமைத் தேடு. போதைச் சாமான் பத்தடி தள்ளி இருந்தாலும் உன் கண்ணு தானா போய் ஒட்டிக்கும்னு அப்பல்லாம் சொல்வியே?”

“இப்பவும் அதே கண்ணுதான். அஞ்சு நிமிஷம் குடு.”

மார்தட்டிக்கொண்டு எழுந்தான். மனைவி போனதிலிருந்து மகளை வளர்ப்பவள் அக்கா. அந்தச் சனியனை அவன் விட்டு மூன்று வருடம் ஆகியும், குழந்தையை அவனோடு அனுப்ப அக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை. இதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் மறுக்கவா போகிறாள்?

அலமாரியின் மேல்தட்டு, ஷூவின் உள்பக்கம், சுவர்க் கடிகாரத்தின் முதுகு... ஒரு காலத்தில் தான் ஒளித்து வைத்த இடங்களை ஒன்று விடாமல் துழாவினான். கிடைத்தது, சர்க்கரை வியாதிக்கார மாமா பதுக்கியிருந்த அரை பாக்கெட் பிஸ்கட்.

“மாமா பிஸ்கட் திருடர்கா. வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பார்த்தியா?”

“மூணு தடவை பார்த்துட்டேன்.” குரல் இறங்கியது. “என்னால உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லக்கா. நான் கிளம்பறேன்.”

“கிளம்பு. பாப்பா துணியை அடுக்கித் தர்றேன். ஸ்கூல் விட்டதும் நேரா உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடு.”

“நான்தான் ஒண்ணும் கண்டுபிடிக்கலையே!”

“உங்க மாமா மேல சந்தேகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நீ உட்கார்ந்திருந்த மேஜையைப் பாரு.”

பார்த்தான். செய்தித்தாள், சாவிக்கொத்து, மாமாவின் மூக்குக் கண்ணாடி. நடுவில், பவுடர் இழுப்பதற்கான, கரி பிடித்த வெள்ளித் தாளும் ஒரு காகிதக் குழலும்.

“உன்னோடதுதான். அப்ப உன்கிட்டேர்ந்து பிடுங்கி வெச்சது,” என்றாள் அக்கா, கண்களைத் துடைத்தபடி. “அரை மணி நேரமா அது பக்கத்துலேயே உட்கார்ந்து டீ குடிச்சே. ஒரு தடவைகூட உன் கண்ணு அதும்மேல போகலடா!”