ஏரிக்கரை விரிசல் தொடர்பாக

ஏரிக்கரை விரிசலை அடைக்க உடனே மண்மூட்டை கேட்டுப் பூங்குழலி எழுதிய கடிதத்தைக் கண்காணிப்பாளர் ஏகாம்பரம் மூன்றாம் முறையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“‘டூ த நீட்ஃபுல்’னு எவனாவது எழுதுவானாம்மா? வெள்ளைக்காரனே அதைக் கைகழுவிட்டான். மேலிடத்துல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

போன் அடித்தது. கரைக்காவலர் காத்தவராயன். “மேடம், காலைல விரல் நுழைஞ்ச விரிசல்ல இப்ப முழங்கை வரைக்கும் போவுது.”

பூங்குழலி போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். “சார், முழங்கையாம்.”

“அவசரப்பட்டா தப்பு வரும்” என்றவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ‘டேக் நெசசரி ஆக்‌ஷன்’ என்று தம் கையாலேயே திருத்தி, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து ரசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “இதாம்மா இங்கிலீஷ்.”

போன் மறுபடி அடித்தது.

“மூட்டை வேணாம் மேடம்” என்றார் காத்தவராயன். “படகு இருந்தா அனுப்பச் சொல்லுங்க.”