ஜன்னலோரக் கட்டில் அப்பா

“இன்டைக்கு எந்த வாப்பாவப் பாக்கப் போறீங்க?”

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்ற முனாஸ் நானா கேட்டதும் தினுஷன் அசடு வழிந்தான். கையில் பிளாஸ்க், தோளில் துவாய், முகத்தில் ஒரு நல்ல மகனுக்குரிய கவலை. வேஷத்தில் ஒரு குறையும் இல்லை.

“ஜன்னலோரக் கட்டில், நானா. நேத்து சாயந்தரம் வந்தவரு.”

“நேத்து வரைக்கும் ஹாஷிம் ஹாஜியார்தானே ஒங்கட வாப்பா?”

“அவருக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

முனாஸ் நானா தலையில் அடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

விஷயம் இதுதான். தினுஷனுக்கு வெளிநாடு போய், டொக்டருக்கு உதவியாளராகும் படிப்பைப் படிக்க ஆசை. நோயாளிகளைத் தன் கையால் பராமரித்த அனுபவம் இருந்தால் மட்டும் விண்ணப்பம் போடு என்று அங்கே கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சும்மா வந்து நிற்கிறவனிடம் எந்த ஆஸ்பத்திரி நோயாளியை ஒப்படைக்கும்? ஆனால், நோயாளிக்குத் துணையாக ஒரு சொந்தக்காரர் நிற்கலாம். ஆகவே தினுஷன், ஆளில்லாத நோயாளிகளுக்கெல்லாம் சொந்தக்காரன் ஆனான்.

துடைத்தான், ஊட்டினான், புரட்டிப் படுக்க வைத்தான், கக்கூசுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். அனுபவத்துக்காக வந்தவனுக்கு இப்போது ஒரு நாள் வராவிட்டால் மனசே கேட்பதில்லை. எல்லாவற்றையும் கண்டும் காணாமல் இருந்த மேட்ரன், மாத முடிவில் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை யாரும் துரத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வார்டுக்குள் நுழைந்ததும் தாதி டிலானி மிஸ்ஸி ஓடி வந்தாள்.

“தம்பி, கவனம்! புது டொக்டரம்மா பாக்க வர்றாங்க. சொந்தப் புள்ளைங்கள தவிர வேற யார் நின்னாலும் வெளிய அனுப்பிருவாங்களாம். தெரிஞ்சவங்க, வேண்டியவங்கன்னு யாருக்கும் சலுகை கெடையாதாம்.”

இன்று மாட்டினால் கடிதமும் போச்சு, படிப்பும் போச்சு.

ஜன்னலோரக் கட்டிலில் மோகனராஜ் ஐயா காலில் கட்டுடன் படுத்திருந்தார். பல்லேகல மைதானத்தில் மேட்ச் பார்க்கப் போய், சிக்ஸருக்குத் துள்ளிக் குதித்துப் படியில் விழுந்தவர்.

“வலிக்குதாங்கய்யா?”

“வலி கெடக்கட்டும் தம்பி. மேட்ச்ல யாரு ஜெயிச்சா?”

தினுஷன் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைத் துடைத்துவிட்டான். கெண்டைக்காலுக்குக் கீழே சின்னத் தலையணை ஒன்றைக் கொடுத்தான்.

“ஒங்கள பாக்க யாரும் வரலைங்களா?”

“இருக்கிறது ஒரே மக. எந்நேரமும் வேல வேலன்னு ஓடுறவ. அவ மொகத்த ஆற அமரப் பாக்கணும்னா இப்பிடி விழுந்து கெடந்தாத்தான் உண்டு.”

மனிதர் அதைக் கவலையாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. தினுஷனுக்குத்தான் பாவமாக இருந்தது.

“அப்ப இன்னைக்கு நான்தான் ஒங்க மகன். டொக்டர் கேட்டா தலைய மட்டும் ஆட்டிருங்க.”

“மகனா!” மோகனராஜ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“சிரிக்காதீங்கய்யா, கால் ஆடுது. அந்த டொக்டர் பொல்லாதவங்களாம்.”

“அப்பிடியா? எனக்கும் பயமாத்தான் இருக்கு. சரி, நடக்கட்டும்.”

அதற்குள் டொக்டர் சுதர்சினி வந்துவிட்டார். அவர் நடந்த வேகத்துக்கே வார்டு மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக நின்ற கூட்டாளி ஒருவர், “நான் அண்ணன் மாதிரி” என்று இழுத்தார். “மாதிரியெல்லாம் இங்க வேணாம்” என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு, டொக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கட்டுப் போட்ட காலைக் குனிந்து பார்த்தார். தலையணையைத் தொட்டுப் பார்த்தார்.

“இத வச்சது யாரு?”

“நாந்தான் டொக்டர். குதிகால் மெத்தையில பட்டுக்கிட்டே இருந்தா புண்ணாயிரும்.”

“நீங்க யாரு?”

தினுஷன் வாசலைப் பார்த்தான். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான்.

“இவரு... எங்க அப்பா, டொக்டர்.”

டிலானி மிஸ்ஸி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டொக்டர் தினுஷனைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு நோயாளியைப் பார்த்தார்.

“இவரு ஒங்க மகனா?”

மோகனராஜ் வெளியே எதையோ தேடுகிறவர் போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ஆமா. கடைக்குட்டி. ரொம்ப நல்ல புள்ள. காலையில இருந்து என்னய விட்டு நகரவே இல்ல.”

டொக்டர் மறுபடி அந்தத் தலையணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் தினுஷன் வெளிநாட்டுக்குப் போய், திரும்பியும் வந்துவிட்டான்.

“மிஸ்ஸி, இவரு இங்க நிக்கட்டும். எந்தக் கட்டில்ல நின்னாலும் சரி, நான் சொல்ற வரைக்கும் யாரும் வெளிய அனுப்ப வேணாம்.”

தினுஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் டொக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டான்.

டொக்டர் அதைக் கவனிக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, மோகனராஜின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

“அது சரி அப்பா, எனக்கு ஒரு தம்பி இருக்கிற விசயம் அம்மாவுக்குத் தெரியுமா?”