முகமில்லாத ராணி

ஆயிரம் வருடங்களுக்கு முன் நாட்டின் பெரிய ஏரியை வெட்டிய ராணிக்குத் தபால்தலை வெளியிடப்போகிறார்கள். ஆனால் ராணிக்குச் சிலையும் இல்லை, சித்திரமும் இல்லை. தபால்துறையின் பெண் ஓவியர்தான் ஒரு முகத்தைக் கொடுத்தாகவேண்டும்.

அவள் வரைந்த மூன்று ராணிகளையும் இயக்குநர் திருப்பி அனுப்பினார். "சினிமா நடிகை மாதிரி இருக்கும்மா. பார்த்தா ஒரு பயம் வரணும், கும்பிடவும் தோணணும்."

நான்காவதைக் கண்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடேயப்பா! இவங்க முன்னாடி கால்மேல கால் போட முடியுமா? எங்கே பிடிச்சீங்க இந்த முகத்தை?"

"கற்பனைதான் சார்" என்றாள்.

அச்சான தபால்தலைத் தாளோடு அவள் வீடு திரும்பினாள். நாடே மெச்சினாலும் மாமியார் என்ன சொல்வாரோ! பத்து வருடத்தில் அவள் செய்த எதையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யாரும்மா இவ? என்னமா முறைக்கிறா!"

"ஏரி வெட்டின ராணி, அத்தை."

"இவகிட்ட மருமகளா வாழ்ந்தவ என்ன பாடு பட்டாளோ, பாவம்!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்த கணவன் தபால்தலையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சத்தமில்லாமல் வெளியே நழுவினான்.

மாமியார் தாளை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த மச்சத்தை மட்டும் ஏன் விட்டுட்ட?" என்று தம் முகவாயைத் தொட்டுக் காட்டினார். "அடுத்த தடவை அச்சடிக்கிறப்போ மறக்காம வை."