ஒயிட்னர்

“முதல் பக்கம் மட்டும் போதும் ராசா. எம் மவன் பேரு அதுலதான் இருக்கும்.”

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் காளிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடைசெவல் வெயிலுகந்தம்மாள் வந்துவிட்டாள்! செருப்பெல்லாம் கரிசல் மண். பருத்திக் காட்டிலிருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறாள்.

மகன் பாலகணேஷ் சுவிட்சர்லாந்தில் பெரிய விஞ்ஞானியாம். அவன் பேர் போட்ட ஆராய்ச்சிக் கட்டுரை வரும்போதெல்லாம் அவனுடைய சிநேகிதன் இவள் போனுக்கு அனுப்பிவைப்பான். கடையில் வேலை பார்க்கும் ஆனந்திதான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். இன்று ஆனந்தி லீவு.

“அப்படி என்னதான் ஆராய்ச்சி பெரியம்மா?”

“பூமிக்கு அடியில பெரிய வளையமாம். கண்ணுக்குத் தெரியாத பொடிய எதிரெதிரா ஓடவிட்டு மோத விடுதாவளாம். செதறுததைப் படம் புடிச்சு, இந்த ஒலகம் எப்படி உண்டாச்சுன்னு பாக்காவளாம்.”

“ஒலகத்தைப் பாக்கட்டும். பெத்த தாயை எப்ப வந்து பாக்கப் போறாராம்?”

“எங்க ராசா வர...” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

காளிராஜுக்கு வயிறு எரிந்தது. நல்லா வளர்த்தாள் பிள்ளையை!

பிரிண்டை எடுத்துப் பார்த்தான். பக்கம் நிறையப் பொடி எழுத்தில் பேர்கள். கட்டுரைக்கு மொத்தம் மூவாயிரம் பேராம். காதுகுத்து பிளெக்ஸில்கூட இத்தனை பேரைப் போடமாட்டார்கள். இதில் ஒருத்தனாக இருப்பதற்கா இந்தப் பெருமை?

தேடிப் பிடித்தான், பாலகணேஷ். பேருக்குப் பக்கத்தில் சிலுவை மாதிரி சின்னதாக ஒரு குறி. அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் அது இல்லை.

என்னவாக இருக்கும்? அவள் போனில் கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தான். அந்தக் குறிக்கு நேரே ஆங்கிலத்தில் போட்டிருந்தது: காலமானவர்.

ஐயோ, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டோமே! இந்த அம்மாவிடம் யாருமே சொல்லவில்லையா? நாம் எப்படிச் சொல்வது? என்றைக்காவது யாராவது இந்தத் தாளைப் பார்த்து, இது என்ன குறி என்று அர்த்தம் சொல்லிவிட்டால்?

மனசு கேட்கவில்லை. குறியின் மேல் ஒயிட்னரைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதை ஜெராக்ஸ் போட்டான். தடமே தெரியவில்லை.

“இந்தாங்க பெரியம்மா.”

அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினாள். திரும்பவும் தேடினாள். முகம் வெளிறிப்போனது.

“ஏ ராசா, இதுல அவன் இல்லையே! பேரை எடுத்துட்டாவளா?”

“இருக்கே பெரியம்மா. இங்கன பாருங்க, பாலகணேஷ்.”

“நெசமாவா? அப்ப பேருக்குப் பக்கத்துல அந்தக் குருசு எங்க?”

காளிராஜ் ஒயிட்னர் தடவிய தாளை மேசைக்கு அடியில் தள்ளினான்.

“செத்தவியளுக்குப் போடுத குறி ராசா அது. அவன் உசுரோட இருக்கையில புடிச்ச படத்தை எல்லாரும் பாத்து முடிக்குத வரைக்கும் அவன் பேரும் வருமாம். எனக்கு எங்க இங்கிலீசு தெரியும்? அந்தக் குருசை வச்சுத்தான, இத்தனை பேருக்குள்ள எம் பிள்ளையைக் கண்டுபுடிக்கேன்!”