ஏழாவது வளைவு

"முக்காட்டை இழுத்து மூடிக்க பட்டு. பனிக்காத்து மூஞ்சில அடிக்குது."

நீலமேகம் லாரியின் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான். பட்டம்மாள் முக்காட்டை இழுத்து, அதிலேயே கழுத்து வியர்வையையும் துடைத்துக்கொண்டு, கணவன் ஒடித்த பக்கம் சாய்ந்தாள். "இன்னா குளிரு" என்றாள்.

ஸ்ரீநகருக்கு மேலே ஏறும் பாதையை அவன் சொல்லிக்கொண்டே வந்தான். வானத்தைத் தொடும் ஊசியிலை மரங்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு குடிசை கிடையாது. கீழே, அதலபாதாளத்தில், நூல் பிடித்தாற்போல் ஓர் ஆறு. எதிர் மலை முழுக்க வெள்ளை.

"எண்ணூரு உப்பளத்த அள்ளியாந்து கொட்டிக்கீறாங்கன்னு தாமஸ் சொல்றான் பாரு" என்று சிரித்தான். பட்டாளத்தில் அவனுக்கு இரண்டாவது டிரைவர் தாமஸ். ராயபுரத்துக்காரன்.

பட்டம்மாளும் சிரித்து வைத்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏழாவது வளைவை இன்றைக்காவது இவன் தாண்டிவிட வேண்டும். தாண்டிவிட்டால் வீடு திரும்பிவிடுவான். இதற்கு முன் வந்தபோதெல்லாம் அங்கேயே நின்றுவிட்டான்.

வளைவு வந்தது. நீலமேகம் பிரேக்கை மிதித்தான்.

மேட்டில் லாரி நின்றால், தாமஸ் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பான். கிளம்பும்போது கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறி, பலகையில் இரண்டு தட்டு தட்டுவான். அந்தத் தட்டு விழாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது.

"போலாமாய்யா?" என்றாள் பட்டம்மாள்.

"தட்டு வுழலியே."

"வுழும்."

"அன்னிக்குக் கல்லு உருண்ட சத்தத்தத் தட்டுன்னு நெனச்சி வண்டிய எடுத்துட்டேன் பட்டு. இந்தத் தபா நல்லா கேட்டாத்தான்."

பட்டம்மாள் மடியில் விரல்களைக் கோத்துக்கொண்டு, பின்பக்கம் காது கொடுத்து உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு பலகையில் ஒரு தட்டு விழுந்தது. அடுத்தது வரத் தயங்கியது. வந்தது.

"ஏறிட்டான்" என்றான் நீலமேகம், மூச்சு விடுகிற மாதிரி. கியரைப் போட்டான். ஸ்டியரிங்கை மெள்ள மெள்ளச் சுற்றி வளைவை முடித்தான். கண்ணீர் தாடையில் வழிந்தது. "இவன அவுங்க நைனா கையில ஒப்படைச்சிட்டுத்தான் நான் சோறு துன்னுவேன்."

பட்டம்மாள் கதவைத் திறந்து கால் வைத்த இடம் தண்டையார்பேட்டைப் பழைய இரும்புக் கிடங்கின் சுடுமணல். சக்கரம் நான்கும் கழன்று செங்கல் அடுக்கின்மேல் கிடந்த அந்த லாரியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நாற்பத்தெட்டாம் வருஷத்துக் காஷ்மீர் சண்டையில் அந்த ஏழாவது வளைவின் பள்ளத்துக்கு மகனைக் கொடுத்தவர், மூன்று ஞாயிறாக அவள் கெஞ்சியும் வர மாட்டேன் என்றவர், தாமஸின் அப்பா ஆசீர்வாதம், தட்டிய கையைப் பலகையிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.